வாசகர் கேள்வி பதில்: சட்டத் தெருவுல நாற்பது வருஷம்

போன இதழ்ல ஒருத்தர், "பெல்ஜியத்துல மொழிச் சண்டை ஓயவே ஓயாதாமே, அங்க பேப்பர்காரங்க எல்லாம் எந்தப் பக்கம்?"னு கேட்டிருந்தார். நானும் மானு ரெய்ஸ்னு ஒரு பத்திரிகையாளர், கன்சர்வேட்டிவ், மொழிக்காக நின்னவர்னு ஒரே வரில சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிட்டேன். சும்மா விடுவீங்களா நீங்க? வந்த கேள்வில பாதி அவரைப் பத்திதான். அதனால இந்தத் தடவை சினிமா, கிரிக்கெட் கேள்வி எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கே: யாருங்க அந்த மானு ரெய்ஸ்? தேடிப் பாத்தா டச்சுலதான் நிறைய வருது.

ப: டச்சுலதான் வரும், மனுஷன் வாழ்ந்ததே அந்த மொழிக்குள்ளதான். பெல்ஜியத்தோட வடக்குப் பாதி ஃப்ளாண்டர்ஸ், அங்க பேசறது டச்சு, தெற்குப் பக்கம் வலோனியா, அங்க ஃப்ரெஞ்சு, நடுவுல பிரஸ்ஸல்ஸ் ரெண்டுக்கும் பொதுவா உக்காந்திருக்கு. இவர் 1924-ல ஆண்ட்வெர்ப்ல பிறந்தவர். முழுப் பேரு எம்மானுவேல், ஆனா அப்படி யாரும் கூப்பிட்டதில்ல, மானுதான். 1949-ல டி ஸ்டாண்டார்ட்ங்கற பேப்பர்ல சேர்ந்தார், 1989-ல ரிட்டயர் ஆனார். நடுவுல நாற்பது வருஷம், அரசியல் நிருபரா, அரசியல் விமர்சகரா, கடைசில தலைமை ஆசிரியரா, எல்லாமே அந்த ஒரே பேப்பர்லதான். 2017-ல 93 வயசுல காலமானார்.

இன்னிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு சேனல் மாறற ஆளுங்களைப் பாத்துட்டு இதைப் படிச்சா நம்பறதுக்கே கஷ்டமா இருக்கும். ஆனா அவர் ஒரே இடத்துல இருந்தாரே தவிர அந்த இடம் ஒரே மாதிரி இல்ல, அவர் சேர்ந்தப்போ பெல்ஜியம் பிரஸ்ஸல்ஸ்ல இருந்து மொத்தமா ஆளப்பட்ட ஒத்தை நாடு, ரிட்டயர் ஆனப்போ மூணு சுற்று அரசியல் சட்டத் திருத்தம் முடிஞ்சு, கூட்டாட்சி ஆகறதுக்கு இன்னும் நாலே வருஷம் பாக்கி. நாடு கொஞ்சம் கொஞ்சமா ரெண்டாப் பிரியறதைப் பக்கத்துல உக்காந்து தினம் தினம் எழுதினவர்.

கே: கன்சர்வேட்டிவ்னு எழுதியிருந்தீங்க, மொழிக்காக நின்னவர்னும் எழுதியிருந்தீங்க. ரெண்டும் ஒரே ஆள் கிட்ட எப்படி?

ப: நல்ல கேள்வி, இதுலதான் எல்லாரும் இடறி விழுவாங்க. மொழிக்கு நிக்கறவன்னா முற்போக்கு, சாமி சமாச்சாரத்துல இருந்து தள்ளி நிக்கறவன்னு ஒரு கணக்கு நம்ம மனசுல இருக்கு. ஃப்ளாண்டர்ஸ்ல அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

1830-ல பெல்ஜியம் பிறந்தப்போ ஆட்சி, கோர்ட், ராணுவம், யூனிவர்சிட்டி எல்லாமே ஃப்ரெஞ்சு. ஜனத்தொகைல பாதிக்கு மேல டச்சு பேசறவங்க, ஆனா சட்டம் டச்சுலயும் வந்தா அதுவும் சமமா செல்லும்னு சொல்றதுக்கே 1898 ஆச்சு. கெண்ட் யூனிவர்சிட்டி முழுசா டச்சுக்கு மாறினது 1930. இத்தனைக்கும் அது ஃப்ளாண்டர்ஸ் ஊருக்கு நட்ட நடுவுல இருக்கற யூனிவர்சிட்டி! ஃப்ளாண்டர்ஸ்லயே இருந்த பணக்காரக் குடும்பங்களும் வீட்டுல ஃப்ரெஞ்சுதான் பேசினாங்க, அது அந்தஸ்து. டச்சு வேலைக்காரங்க கிட்டயும் வயக்காட்டுலயும் பேசற மொழி. அப்போ அந்த மொழியை யாரு தூக்கிப் பிடிச்சா? கிராமத்துப் பாதிரியார், ஸ்கூல் வாத்தியார், வக்கீலுக்குப் படிக்கற விவசாயி மகன். பிஷப்புங்க ஃப்ரெஞ்சு, கீழ்மட்டப் பாதிரியாருங்க டச்சு. அதனால அங்க மொழி இயக்கத்தோட பெரிய பகுதி சர்ச் வாசல்ல இருந்தே கிளம்பிடுச்சு.

டி ஸ்டாண்டார்ட் அந்த வகையறாவோட பேப்பர். முதல் பக்கத்துல பேப்பர் பேரோட ஆறு எழுத்து போடுவாங்க, ஏவிவி விவிகே. ஒரு டச்சு வாக்கியத்தோட முதல் எழுத்துங்க அது, "எல்லாம் ஃப்ளாண்டர்ஸுக்கு, ஃப்ளாண்டர்ஸ் கிறிஸ்துவுக்கு"ன்னு அர்த்தம். முதல் உலகப் போர்ல செத்த ஃப்ளமிஷ், அதாவது ஃப்ளாண்டர்ஸ்காரச் சிப்பாய்ங்களுக்காக டிக்ஸ்மெய்டங்கற ஊர்ல ஒரு பெரிய கோபுரம் இருக்கு, அதோட உச்சிலயும் இதே எழுத்துங்கதான், சிலுவை வடிவத்துல. மொழியும் மதமும் ஒரே மூச்சுல வர்ற அந்த வாக்கியத்துக்குக் கீழதான் ரெய்ஸ் நாற்பது வருஷம் எழுதினார். கன்சர்வேட்டிவ்ங்கறது அவருக்கு மேல போட்டுக்கிட்ட சட்டை இல்ல, வளர்ந்த வீடே அது.

கே: ஸ்டாண்டார்ட்னா தரம்னு அர்த்தமா?

ப: இல்ல, கொடி. படைக்கு முன்னாடி தூக்கிட்டுப் போவாங்களே, அந்தக் கொடி.

கே: சேர்ந்த உடனே பெரிய நியூஸ் ஏதாவது மாட்டுச்சா, இல்ல நம்மள மாதிரி ரெண்டு வருஷம் ப்ரூஃப் பாத்துட்டு உக்காந்திருந்தாரா?

ப: மாட்டுச்சு, அதுவும் எப்பேர்ப்பட்ட நியூஸ்! அதுக்கு முன்னாடி பேப்பரோட நிலைமையைச் சொல்லிடறேன். முதல் இதழ் 1918 டிசம்பர் 4, போர் முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல. ரெண்டாவது உலகப் போர் சமயத்துல ஃப்ளமிஷ் தேசியவாதிங்கள்ல ஒரு பகுதி ஜெர்மன்காரனோட சேர்ந்துட்டாங்க, அதனால போர் முடிஞ்சதும் மொத்த இயக்கத்துக்கும் கெட்ட பேரு, நிறைய பேர் ஜெயில், வேலை போச்சு, ஓட்டுரிமை போச்சு. இந்தப் பேப்பரும் டி ஸ்டாண்டார்ட்ங்கற பழைய பேரோட திரும்ப வர 1947 ஆயிடுச்சு. ரெய்ஸ் சேர்ந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. நான் ஃப்ளமிஷ்னு சத்தமா சொன்னாலே ஒரு மாதிரி பாப்பாங்கங்கற காலம்.

அப்போதான் ராஜா பிரச்சனை வெடிக்குது. மூணாம் லியோபோல்ட், போர் சமயத்துல நாட்டை விட்டுப் போகாம ஜெர்மன்காரன் கிட்ட சரணடைஞ்சவர், அவரைத் திரும்ப சிம்மாசனத்துல உக்கார வைக்கலாமா வேண்டாமான்னு 1950 மார்ச் 12-ல நாடு முழுக்க ஓட்டெடுப்பு. 57.68 சதவீதம் வரட்டும்னுச்சு. ஆனா பிரிச்சுப் பாருங்க, ஃப்ளாண்டர்ஸ்ல 72, வலோனியால 42. கத்தோலிக்க வடக்கு வா ராஜாங்குது, தொழிற்சாலை நிறைஞ்ச சோஷலிஸ்ட் தெற்கு வராதேங்குது. ஜூன்ல நடந்த தேர்தல்ல கத்தோலிக்கக் கட்சி தனி மெஜாரிட்டி, ஜூலைல ராஜா திரும்பி வந்தார், உடனே தெற்குல ஸ்ட்ரைக், க்ராஸ்-பெர்லர்ங்கற ஊர்ல போலீஸ் சுட்டு நாலு பேர் செத்தாங்க. ராஜா பின்வாங்கி மகன் போடுவான் கிட்ட பொறுப்பைக் குடுத்தார், அடுத்த வருஷம் போடுவான் ராஜா ஆனார்.

ஒரு ஃப்ளமிஷ்காரன் கோணத்துல இதை நினைச்சுப் பாருங்க. ஓட்டு எண்ணிக்கைல நாங்க ஜெயிச்சோம், ஆனா நடந்தது தெருவுல இறங்கினவன் சொன்னது. நாம எண்ணிக்கைல மெஜாரிட்டி, அதிகாரத்துல மைனாரிட்டிங்கற அந்தக் கசப்பு அடுத்த முப்பது வருஷ ஃப்ளமிஷ் அரசியலுக்கு அடுப்பு மாதிரி. இருபத்தாறு வயசு நிருபருக்கு இதை விடப் பெரிய பாடம் எந்தக் காலேஜ்ல கிடைக்கும்?

கே: வெட்ஸ்ட்ராட் பத்திரிகையாளர்னு ஒரு வார்த்தை பாத்தேன். அப்படின்னா?

ப: வெட்னா சட்டம், ஸ்ட்ராட்னா தெரு. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கற ஒரு நிஜத் தெரு, பிரதமர் ஆபீஸ் அதுல 16-ம் நம்பர், பாராளுமன்றமும் அங்கதான். அதனால "வெட்ஸ்ட்ராட்ல என்ன சேதி?"ன்னா "அரசியல்ல என்ன நடக்குது?"ன்னு அர்த்தம். அந்தத் தெருவை கவர் பண்ற ஆளு வெட்ஸ்ட்ராட் பத்திரிகையாளர்.

இந்த ஊர் அரசியல்ல ஒரு விசேஷம் என்னன்னா, எல்லாமே பேரம். 1950-ல நடந்த மாதிரி தனி மெஜாரிட்டி அபூர்வம், மத்தபடி எந்தக் கட்சியும் தனியா ஆள முடியாது, நாலஞ்சு கட்சி சேரணும், மொழிக்கு மொழி, தொழிலாளிக்கு முதலாளி, சர்ச்சுக்கு செக்யூலர்னு எல்லாப் பக்கமும் சமன் பண்ணணும், அதனால நிஜமான முடிவெல்லாம் சபைல எடுக்கறதில்ல, ஏதோ ஒரு மாளிகையோட மூடின ரூம்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. அந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு காலைல எழுதணும்னா உள்ள இருந்த யாராவது உங்களை நம்பணும். நம்பணும்னா நீங்க கொஞ்சம் அவங்க ஆளாவும் இருக்கணும். அங்கதான் வம்பு ஆரம்பிக்குது.

ஒரு உதாரணம் சொல்றேன். 1977-ல எக்மாண்ட் மாளிகைல உக்காந்து நாட்டை எப்படிப் பிரிச்சு அமைக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பேரே எக்மாண்ட் ஒப்பந்தம்தான். பிரஸ்ஸல்ஸைச் சுத்தி இருக்கற ஃப்ளமிஷ் ஊர்கள்ல குடியிருக்கற ஃப்ரெஞ்சு பேசறவங்களுக்கு சலுகை குடுத்துட்டாங்கன்னு ஃப்ளாண்டர்ஸ்ல எதிர்ப்பு கிளம்புச்சு. ஒரு வருஷத்துக்கு மேல இழுத்து, 1978 அக்டோபர் 11-ல பிரதமர் லியோ டின்டமன்ஸ் சபைல பேசிட்டே இருந்தவர், நான் இந்த மேடைல இருந்து இறங்கி நேரா ராஜா கிட்டப் போறேன், ராஜினாமா குடுக்கறேன்னு சொல்லிட்டு நிஜமாவே இறங்கிப் போய்ட்டார். சொந்தக் கூட்டணிக்காரங்களே வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தாங்க. இந்த மாதிரி நாள்ல ஃப்ளமிஷ்காரன் காலைல முதல்ல தேடிப் படிக்கறது டி ஸ்டாண்டார்டோட தலையங்கத்தை. அமைச்சருங்களும்தான்.

கே: அப்போ அவர் பத்திரிகையாளரா, அரசியல்வாதியா? நேர்மையா சொல்லுங்க.

ப: நேர்மையா சொன்னா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஜாதி. அந்தத் தலைமுறைக்கு நடுநிலைங்கறது பெரிய விஷயமே இல்ல. அங்க ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு முகாம் உண்டு, சோஷலிஸ்ட் பேப்பர், லிபரல் பேப்பர், கிறிஸ்தவத் தொழிற்சங்கத்தோட பேப்பர். தூண்கள்னே அதுக்குப் பேரு: ஒரு தூண்ல பிறந்தா அதோட ஸ்கூல், அதோட ஆஸ்பத்திரி, அதோட இன்சூரன்ஸ், அதோட பேப்பர். டி ஸ்டாண்டார்ட் கத்தோலிக்கத் தூணுக்குள்ள இருந்தாலும் கட்சியோட சொந்தப் பேப்பர் கிடையாது, கட்சி மொழி விஷயத்துல வளைஞ்சா முதல்ல அடிக்கறதே அதுதான். கட்சிக்கு வெளிய நின்னு கட்சியை மிரட்டற இடம் அது, ரெய்ஸோட செல்வாக்கு அங்க இருந்துதான் வந்துச்சு. எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல. யாரைப் பத்தி எழுதறோமோ அவங்க போன் நம்பர் எல்லாம் மனப்பாடமா இருக்கறவன் சில விஷயத்தை எழுதாமலும் விட்டுருப்பான்ல? ஆனா ஒண்ணு, எந்தப் பக்கம் நிக்கறேன்னு மறைக்கல. முதல் பக்கத்துலயே ஆறு எழுத்துல போட்டிருந்தாங்களே.

கே: லூவன் யூனிவர்சிட்டி லைப்ரரியை ஒத்தைப்படை ரெட்டைப்படைன்னு பிரிச்சாங்கன்னு படிச்சேன். கதைதானே?

ப: நிஜம்ங்க! லூவன் ஊர் ஃப்ளாண்டர்ஸ்ல இருக்கு, யூனிவர்சிட்டி கத்தோலிக்க யூனிவர்சிட்டி, ஆனா உள்ள ஃப்ரெஞ்சு பிரிவு, டச்சு பிரிவு ரெண்டும். 1966 மே மாசம் பிஷப்புங்க எல்லாரும் சேர்ந்து யூனிவர்சிட்டி பிரியாது, ஒண்ணாதான் இருக்கும்னு அறிக்கை விட்டாங்க. ஃப்ளமிஷ் மாணவர்கள் கொதிச்சுட்டாங்க, வலோன்காரங்க வெளிய போகணும்னு ஊர்வலம், கல்லு, போலீஸ். 1968 பிப்ரவரில அரசாங்கமே கவுந்துச்சு. கடைசில ஃப்ரெஞ்சு பிரிவு தெற்குப் பக்கம் போய் வெறும் வயல்ல லூவன்-லா-நெவ்னு ஒரு புது ஊரையே கட்டிக்கிச்சு. லைப்ரரி புத்தகங்களை ஷெல்ஃப் நம்பர் ஒத்தைப்படைன்னா ஒரு பக்கம், ரெட்டைப்படைன்னா இன்னொரு பக்கம்னு பிரிச்சாங்க, பத்திரிகைத் தொகுப்பெல்லாம் பாதி இங்க பாதி அங்கன்னு ஆயிடுச்சு. அண்ணன் தம்பி சொத்துப் பாகம் பிரிக்கறப்போ குத்துவிளக்கை ரெண்டா அறுத்த கதைதான்.

நம்ம ஆளுக்கு இதுல என்ன சம்பந்தம்னா, அந்தப் பழைய வாக்கியம் முதல் தடவையா விரிசல் விட்டது இங்கதான். எல்லாம் ஃப்ளாண்டர்ஸுக்கு, ஃப்ளாண்டர்ஸ் கிறிஸ்துவுக்கு, சரி, ஆனா கிறிஸ்துவோட பிஷப்பே ஃப்ளாண்டர்ஸுக்கு எதிரா நின்னா? கத்தோலிக்கப் பேப்பர் பிஷப்புங்க பக்கம் நிக்கல, மொழிப் பக்கம் நின்னுச்சு. பக்தியுள்ள வாசகர் வீட்டுல அன்னிக்குக் காலைல எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கறேன்.

நாலு வருஷம் கழிச்சு, 1972-ல, ஃப்ளமிஷ்காரங்க வரலாறு பத்தி ரெய்ஸ் ஒரு புத்தகம் போட்டார். நகர்ந்துட்டு இருக்கற மக்கள், உருவாகிட்டு இருக்கற தேசம்னு துணைத் தலைப்பு. இங்கிலீஷ்லயும் வந்துச்சு. உருவான தேசம்னு போடல, உருவாகிட்டு இருக்கற தேசம். எனக்கு அந்த வினைச்சொல்தான் பிடிச்சுது.

கே: 1976-ல அந்தப் பேப்பர் திவால் ஆச்சாமே? அவ்வளவு செல்வாக்குன்றீங்க, அப்புறம் எப்படி?

ப: செல்வாக்கு மை வாங்கிக் குடுக்காதுங்க. டி ஸ்டாண்டார்ட் குழுமம் பேப்பர் மட்டும் நடத்தல, பல தொழில்ல கால் வெச்சிருந்துச்சு, கடன் ஏறிடுச்சு, 1976 ஜூன்ல திவால். அப்போ ஆந்த்ரே லெய்சன்ங்கற தொழிலதிபர் வேற சில முதலீட்டாளருங்களைச் சேர்த்துக்கிட்டு புதுக் கம்பெனி ஆரம்பிச்சு டி ஸ்டாண்டார்டையும் அதோட தங்கச்சிப் பேப்பர் ஹெட் நியூஸ்ப்ளாடையும் காப்பாத்தினார். புது முதலாளிக்குக் கீழதான் ரெய்ஸ் தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு வர்றார். கப்பல் முழுகறப்போ கேப்டன் தொப்பி கிடைச்ச கதை. ஆனா முழுகல, இன்னிக்கும் அந்தப் பேப்பர் வருது.

கே: காங்கோ பத்தியும் எழுதியிருக்கார்னு கேள்விப்பட்டேன்.

ப: ஆமா, அது அவரோட இன்னொரு பாதி. பெல்ஜியத்தோட காலனியா இருந்த காங்கோ 1960 ஜூன் 30-ல சுதந்திரம் வாங்கிச்சு, அஞ்சே நாள்ல ராணுவக் கலகம், ஜூலை 11-ல கட்டாங்கா மாகாணம் தனியாப் போறேன்னுச்சு, முதல் பிரதமரா இருந்த பாட்ரிஸ் லுமும்பாவை 1961 ஜனவரி 17-ல அதே கட்டாங்கால சுட்டுக் கொன்னாங்க. ஃப்ளாண்டர்ஸ்ல காங்கோ எங்கேயோ இருக்கற தூர தேசம் இல்ல, கிராமத்துக்கு ஒரு பையனாவது மிஷனரியாப் போயிருப்பான். அதனால கத்தோலிக்கப் பேப்பருக்கு அது வீட்டுச் செய்தி. 1985-ல சுதந்திரத்துக்கு அப்புறமான இருபத்தஞ்சு வருஷக் காங்கோவைப் பத்தி ரெய்ஸ் புத்தகம் போட்டார்.

அப்புறம் 1999-ல லூடோ டி விட்டெங்கற ஆய்வாளர் லுமும்பா கொலைல பெல்ஜியத்தோட கை இருக்குன்னு ஆவணங்களோட ஒரு புத்தகம் போட்டு நாட்டையே உலுக்கிட்டார். பாராளுமன்றம் விசாரணைக் கமிஷன் போட்டுச்சு. அந்த நேரம் பாத்து, 2000-ல, ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் ஆன ரெய்ஸ் எழுபத்தாறு வயசுல ஒரு புத்தகத்தோட வர்றார், லுமும்பா ஏன் சாக வேண்டியதாச்சுன்னு தலைப்பு. அந்தத் தலைப்பையே பாருங்களேன். யாரு கொன்னதுன்னு கேக்கல, ஏன்னு கேக்குது. யாருன்னு கேட்டா பேர் பட்டியல் வரும், ஏன்னு கேட்டா சூழ்நிலை, காலம், பனிப்போர் எல்லாம் வந்து உக்காந்துக்கும். பழைய தலைமுறைக்காரர் கிட்ட அந்தக் கேள்விதான் வரும்னு எனக்குத் தோணுது, தப்புன்னு சொல்லல, ஆனா செத்தவன் வீட்டுக்காரங்க கேக்கற கேள்வி அது இல்ல. 2001-ல கமிஷன் பெல்ஜியத்துக்கு தார்மீகப் பொறுப்பு உண்டுன்னுச்சு, 2002 பிப்ரவரில அரசாங்கம் மன்னிப்பு கேட்டுச்சு. லுமும்பாவோட உடம்புல மிச்சம் இருந்த ஒரே ஒரு தங்கப் பல்லை அவர் பிள்ளைங்க கிட்ட ஒப்படைக்க 2022 ஜூன் ஆச்சு. அதைப் பாக்க ரெய்ஸ் இல்ல.

கே: இவரை மாதிரி வேற யாரும் இல்லையா அங்க? ஒரே ஒரு ஆளா?

ப: இருந்தாங்க, மார்க் கிராமன்ஸை சொல்லலாம். 1964-ல டி நியூவேன்னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சு இருபது வருஷம் ஓட்டினார், அப்போ கொஞ்சம் இடதுபக்கம் சாய்ஞ்ச ஃப்ளமிஷ்வாதி. அது நின்னதுக்கு அப்புறம் ஜூர்னால்னு ஒரு சின்ன இதழ், எழுதறது எல்லாம் இவரேதான், வருஷா வருஷம் வலதுபக்கம் நகர்ந்துட்டே போனார். ரெய்ஸுக்குப் பின்னாடி ஒரு பெரிய பில்டிங், ஒரு பேப்பர், ஒரு தூண் இருந்துச்சு. கிராமன்ஸ் தனி ஆள், அதனால யாரையும் தாராளமா திட்டலாம், யாரும் போன் பண்ணி கேக்க மாட்டான். படிக்கறதுக்கு எது ருசின்னு கேட்டா தனி ஆள்தான் ருசி. அமைச்சர் எந்தப் பேப்பரை முதல்ல பிரிப்பார்னு கேட்டா அது வேற பதில்.

கே: அந்த ஆறு எழுத்து இன்னும் முதல் பக்கத்துல இருக்கா?

ப: இல்ல. 1999-ல எடுத்துட்டாங்க. ரெய்ஸ் ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆயிருந்துச்சு. எடுத்தது யாரோ எதிரி இல்ல, அதே பேப்பரோட அடுத்த தலைமுறை ஆசிரியர்தான், எல்லா வகை வாசகருக்கும் பொதுவான தரமான பேப்பரா இருக்கணும்னு. அதே வருஷம் ரெய்ஸோட தன்வரலாறும் வந்துச்சு. டிக்ஸ்மெய்டக் கோபுரத்து உச்சில மட்டும் அந்த எழுத்துங்க அப்படியே நிக்குது, அது கல்லு, எடுக்கறது கஷ்டம்.

கே: கடைசியா, அவர் பேரை ரைஸ்னு சொல்லணுமா, ரூய்ஸ்னு சொல்லணுமா?

ப: ரெண்டும் இல்ல. அந்த டச்சு உச்சரிப்பு நம்ம எழுத்துல அடங்காது, உதட்டைக் குவிச்சுட்டு எய்னு சொல்லிப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துரும். வீட்டுல யாரும் பாக்காதப்போ பண்ணுங்க. அடுத்த இதழ்ல சினிமா கேள்விங்களுக்குப் பதில் உண்டு, சத்தியமா.